ஸ்கைஹாக் சொந்தக் காலில் நிற்க

ஏ-4 ஸ்கைஹாக் மாடலை முடித்து மேசைமேல் வைத்ததும் மூக்கு மேலே தூக்கி, வால் பலகையில் இடித்தால், அதுவரை பார்த்த வேலையெல்லாம் வீணானதுபோல் ஆகிவிடும். இந்த விமானத்தைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அடுத்த சறுக்கல் இறக்கையின் முன்விளிம்பில். மூன்றாவது, பெட்டிக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களையும் ஒரே விமானத்தில் ஒட்டிவிடுவது. நிஜ விமானத்தில் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றும் நேராது. அதனால் காரணத்தையும் கைவேலையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைன்மன் வடிவமைத்த விமானம் இது. அமெரிக்கக் கடற்படை 30,000 பவுண்டு வரை எடை இருக்கலாம் என்றது. அவர் ஏறக்குறைய அதில் பாதியிலேயே முடித்துக் காட்டினார். 1954 ஜூன் 22-ல் முதலில் பறந்தது. 1979-ல் உற்பத்தி நிற்கும்வரை 2,960 விமானங்கள் வெளிவந்தன. இறக்கையின் முனைக்கு முனை நீளம் 8.38 மீட்டர்தான். விமானந்தாங்கிக் கப்பலின் லிஃப்டில் அப்படியே அடங்கிவிடும் என்பதால் மடிக்கும் கீல் வைக்கவேண்டிய தேவையே வரவில்லை. கீலும் அதற்கான ஹைட்ராலிக்கும் இல்லாததால் எடை மேலும் குறைந்தது. மாடலில் அந்த நீளம் 1/72-ல் 11.6 செ.மீ., 1/48-ல் 17.5 செ.மீ., 1/32-ல் 26.2 செ.மீ. முதன்முதலாகக் கட்டுகிறவர்களுக்கு 1/48 சரியான அளவு. நுணுக்கம் கண்ணுக்குத் தெரியும், அலமாரியிலும் இடம் பிடிக்காது.

முதலில் ஒரு தேதி

கிட்டை, அதாவது மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டியை, திறக்குமுன் எந்த ஆண்டின் எந்த விமானம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ‘ஸ்கைஹாக்’ என்று மட்டும் நினைத்துக் கட்டினால் கடைசியில் மூன்று காலத்து விமானங்களின் கலவைதான் கிடைக்கும்.

ஏ-4பி, ஏ-4சி இரண்டிலும் ஜே65 என்ஜின். ஆயுதம் மாட்டும் இடங்கள் மூன்று. காற்று உள்வாங்கி உடலோடு ஒட்டியே இருக்கும். ஏ-4ஈ வந்தபோது என்ஜின் ஜே52 ஆனது, மாட்டும் இடங்கள் ஐந்தாயின, உள்வாங்கிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி வந்தது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த இடைவெளிதான் உடனே அடையாளம் சொல்லும். அதைப் பட்டி போட்டு மூடிவிடக்கூடாது. முதுகில் இருக்கும் மின்னணுக் கூனல் ஏ-4எஃப்போடு வந்தது. பிறகு பல ஏ-4ஈ விமானங்களுக்கும் பொருத்தினார்கள். பயிற்சியில் எதிரி வேடம் போட்ட விமானங்களிலிருந்து எடை குறைக்க அதைக் கழற்றியும் விட்டார்கள். ஏ-4எம் என்றால் காக்பிட்டை மூடும் கண்ணாடி விதானம் பெரியது, சதுரமான வால் நுனி, பிரேக் பாராசூட்.

அமெரிக்கக் கடற்படை விமானி எவரெட் அல்வாரெஸ் 1964 ஆகஸ்ட் 5-ல் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது கான்ஸ்டலேஷன் கப்பலின் ஏ-4சி-யில். அதைக் கட்டினால் இறக்கைக்கு வெளிப்புறப் பைலான், அதாவது ஆயுதம் மாட்டும் தாங்கி, ஒட்டக்கூடாது. இன்னொரு விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965 செப்டம்பர் 9-ல் ஒரிஸ்கனி கப்பலிலிருந்து பறந்த ஏ-4ஈ-க்குக் கூனல் வைத்தால் தவறு. ஏ-4எஃப் முதலில் பறந்ததே 1966-ல்தான். எரிபொருள் நிரப்பும் குழாயும் அப்படியே: முந்தைய விமானங்களில் நேராக நீண்டிருக்கும், பிற்காலத்தில் மூக்கிலுள்ள மின்னணுக் கருவிகளுக்கு இடைஞ்சல் வராமல் வலப்புறமாக வளைத்தார்கள். கிட்டில் இரண்டு குழாயும் இருந்தால் அழகாகத் தெரிவதை எடுக்காமல் தேதிக்குப் பொருந்துவதை எடுங்கள்.

அர்ஜென்டினாவின் ஏ-4கியூ கட்டுகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. வெயின்டிசின்கோ டி மாயோ கப்பலுக்காக வாங்கிய விமானங்கள்தாம் அவை. ஆனால் 1982 மே 21-ல் பிரிட்டனின் ஆர்டென்ட் போர்க்கப்பலைத் தாக்கியபோது ரியோ கிராண்டே தரைத்தளத்திலிருந்து கிளம்பின. அந்தத் தாக்குதலைக் காட்ட வேண்டுமானால் அடியில் கப்பல் தளம் வைக்கக்கூடாது, கான்கிரீட் தரைதான் வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு இந்த விமானம் ஒருகாலத்தில் கண்ணால் பார்த்துப் பழகியது. அவையும் தரைத்தள விமானங்களே.

மூக்கில் எவ்வளவு ஈயம்?

வயிற்றுக்கடியில் அணுகுண்டு தொங்கவேண்டும் என்பதற்காக இதன் கால்கள் நீளமாக அமைந்தன. பிரதானக் கால்கள் இறக்கையின் நடுச்சட்டத்தை வெட்டாமல் முன்பக்கமாக மடங்கும். உள்ளே போவது சக்கரம் மட்டும். கால்தண்டு இறக்கைக்குக் கீழே ஒரு உறைக்குள் படுத்துக்கொள்ளும். முன்னோக்கி மடங்குவதில் இன்னொரு நன்மை: ஹைட்ராலிக் செத்துப்போனாலும் புவியீர்ப்பும் எதிர்க்காற்றுமே காலைக் கீழே தள்ளிப் பூட்டிவிடும். நிஜ விமானத்தில் விமானியும் ரேடாரும் பீரங்கியும் முன்பக்கத்தைக் கனமாக்குகின்றன. பிளாஸ்டிக்கில் அந்தக் கனம் கிடையாது. வாலும் என்ஜின் குழாயும் பின்னே இழுக்க, மாடல் மல்லாந்துவிடுகிறது.

அறிவுறுத்தல் தாளில் போட்டிருக்கும் கிராம் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ரெசின் இருக்கையோ, ரெசின் வால்குழாயோ வாங்கிப் போட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். நிறுத்துப் பார்ப்பதற்கு வழி இது: உடலின் இரு பாதிகள், இறக்கை, வால் இறக்கைகள், வால்குழாய் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேருங்கள். பிரதானச் சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, அதன்மேல் விமானத்தை ஏற்றுங்கள். மூக்கின்மேல் சிறு பிளாஸ்டிக் பையை ஒட்டி, தூண்டில் ஈயத்தை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூக்கு தாழ்கிற அந்த எடையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பெயின்டும், பட்டியும், பின்னால் ஒட்டும் சில்லறைப் பாகங்களும் சேர்ந்து அந்தக் கூடுதலைச் சாப்பிட்டுவிடும்.

அதற்குமேல் போகவேண்டாம். 1/48-ல் மூக்குக் கால் தீக்குச்சியைவிட மெல்லியது. தேவைக்கு மேல் ஈயம் ஏறினால் இரண்டு கோடை தாண்டுமுன் கால் வளையத் தொடங்கும். மாற்றுக் கால் வாங்குவதானால் பித்தளை வாங்குங்கள். ஒயிட் மெட்டல் கால்கள் கனமாகத் தெரிந்தாலும் மென்மையானவை, அவையும் வளையும்.

ஈயத்தை எங்கே வைப்பது? எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு குறைவாகவே போதும். முதலில் மூக்கு நுனிக்குள், அடுத்து காக்பிட் தளத்துக்கு அடியில், அதற்கும் மேல் வேண்டுமானால் இருக்கைக்குப் பின்சுவரின் பின்னால். மூக்குச் சக்கரக் குழி உள்ளே ஏறி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஈயத்தை ஒட்டியபின் உடலின் இரு பாதிகளும் மூடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, அதாவது மர வேலைக்குப் பயன்படும் பசை, கூடவே கூடாது. அதிலுள்ள அமிலம் ஈயத்தை அரிக்கும். அரித்த பொருள் பருக்கும். சில ஆண்டுகளில் மூக்கு ஒட்டுக்கோட்டில் பிளந்துவிடும். அப்போது திருத்த வழி இல்லை, ஏனென்றால் மூக்கை உடைக்காமல் உள்ளே போகமுடியாது. இரண்டு குழாய் கலந்து போடும் எபாக்ஸிதான் பாதுகாப்பு. ஒரேயடியாக நிறையக் கலந்து ஊற்றினால் சூடேறி மெல்லிய பிளாஸ்டிக் நெளியும். இரண்டு தவணையாக ஊற்றுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அரம் போட்டுத் தூளாக்க வேண்டாம்.

தொங்கும் முன்விளிம்பு

இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் என்ற நீளத் தகடு உண்டு. ஸ்கைஹாக்கில் இதை நகர்த்த மோட்டாரோ ஹைட்ராலிக்கோ கிடையாது. வேகம் கூடினால் காற்றின் அழுத்தம் உள்ளே தள்ளும், வேகம் குறைந்தால் தானாக வெளியே வந்து தொங்கும். நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் காற்றழுத்தமே இல்லை, ஆகவே ஸ்லாட் கீழே இறங்கித்தான் இருக்கும். சக்கரத்தை இறக்கி, விதானத்தைத் திறந்து, ஏணி சாய்த்து வைத்த மாடலில் ஸ்லாட் மட்டும் மூடியிருந்தால் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும். விதிவிலக்கு ஒன்று உண்டு: 1974 முதல் 1986 வரை ஏ-4எஃப்பில் சாகசம் காட்டிய புளூ ஏஞ்சல்ஸ் குழு ஸ்லாட்டைப் போல்ட் போட்டு மூடிவைத்தது. இறக்கைக்கு இறக்கை நெருங்கிப் பறக்கும்போது ஒரு பக்கத்து ஸ்லாட் மட்டும் வெளியே வந்தால் விமானம் உருண்டுவிடும்.

ஸ்லாட்டைத் தனிப் பாகமாகத் தரும் கிட் என்றால் வேலை சுலபம். மூடிய நிலையில் அச்சானது என்றால் வெட்ட வேண்டும். கத்தியின் கூர்ப்பக்கத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்தால் பேனல் கோட்டில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) மெதுவாக இழுங்கள். பத்து, பதினைந்து முறை போனபின் பிளாஸ்டிக் தானாகப் பிரியும். கூர்ப்பக்கத்தால் அழுத்தினால் கத்தி வழுக்கி இறக்கைமேல் ஏறிவிடும். வெட்டிய தகட்டை அப்படியே கீழே சாய்த்து ஒட்டுவது பலரும் செய்யும் பிழை. நிஜத்தில் அது வளைந்த தண்டவாளத்தில் ஓடுகிறது, முன்னேயும் போகும், கீழேயும் போகும். பின்னால் ஒரு இடைவெளி தெரியவேண்டும். பிளாஸ்டிக் பட்டையில் சிறு வளைவுத் தண்டுகள் வெட்டி அந்த இடைவெளியில் வையுங்கள். உட்புறக் குழிக்குச் சிவப்பு.

இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். இதில் பிளவு ஃப்ளாப், அதாவது அடித்தகடு மட்டும் இறங்கும், மேல்தோல் இறக்கையோடு நிலையாக நிற்கும். மேலேயும் சேர்த்துச் சாய்த்துவிடாதீர்கள். உட்புறம் இதற்கும் சிவப்புதான்.

இறக்கையின் மேற்புறத்தில் சீப்புப் பல்போல நிற்கும் சிறு தகடுகள் காற்றைக் கலக்கிவிடுபவை. உப்புத்தாள் ஒருமுறை பட்டால் ஐந்தாறு போய்விடும். தேய்க்கும்முன் அந்த வரிசையின்மேல் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி மூடிவிடுங்கள். சுக்கான் இன்னொரு விசித்திரம்: நடுவில் ஒரே தகடு, எலும்புகள் இருபுறமும் வெளியே தெரியும். அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் தேய்த்து வழவழப்பாக்கியவர்கள் உண்டு. அந்த எலும்புகள்தாம் இந்த வாலின் அழகு, தொடவேண்டாம்.

கால்களை நேராக நிறுத்த வரைபடத் தாள் போதும். மெதுவாகக் காயும் பசையால் இரண்டு பிரதானக் கால்களையும் ஒட்டி, விமானத்தைத் தாளின் கட்டங்கள்மேல் நிறுத்தி, இரு இறக்கை முனைகளும் தாளிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளவுகோலால் பாருங்கள். சூப்பர் க்ளூ இங்கே வேண்டாம். திருத்தவே நேரம் கொடுக்காது. ஒரு இரவு அசைக்காமல் விட்டால் போதும்.

வெள்ளை முதலில்

வியட்நாம் காலத்து வண்ணம் எளிது: மேலேயும் பக்கவாட்டிலும் வெளிர்சாம்பல், எஃப்எஸ் (அமெரிக்க அரசின் வண்ண எண்) 36440. அடியில் பளபளப்பான வெள்ளை, எஃப்எஸ் 17875. சுக்கான், எலிவேட்டர், எய்லரான் ஆகியவற்றின் மேற்புறமும் வெள்ளை. மிஸ்டர் கலர் பெயின்ட் வரிசையில் சாம்பல் 315, வெள்ளை 316, காக்பிட்டுக்கு 317, சிவப்புக்கு 327.

வெள்ளையைச் சாம்பலுக்குமேல் அடித்தால் ஏழெட்டுப் பூச்சு போட்டும் மூடாது, விளிம்பில் படிபோல் தடித்துவிடும். அதனால் வெள்ளையே முதலில். அதற்கு அடிப்பூச்சாக வெளிர்சாம்பல் பிரைமர் போடுங்கள், வெள்ளைப் பிரைமரில் கீறல் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் சாம்பலை இருபதுக்கு ஒரு துளி கலந்தால் பொம்மைத்தனம் போய்விடும். ஒரு பங்கு பெயின்டுக்கு ஒன்றரைப் பங்கு தின்னர், ஏர்பிரஷ் அழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ, மூன்று நான்கு மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். முழுக்கக் காய ஒரு நாள் விட்டு டேப் ஒட்டி, சாம்பல் அடியுங்கள். டேப் விளிம்பில் முதலில் வெள்ளையையே ஒருமுறை லேசாக அடித்தால் கசிவு அடைபடும்.

மழைக்காலத்தில் லேக்கர் அடித்தால் பளபளப்பு பால்போல் மங்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டரைப் பத்துக்கு ஒரு துளி சேருங்கள், அல்லது அன்றைக்கு வேலையை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே மங்கிவிட்டால், வெயில் நாளில் வெறும் தின்னரும் ரிடார்டரும் கலந்து மெல்லப் படரவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சக்கரக் குழிகள் வெள்ளை, கதவுகளின் விளிம்பு மட்டும் சிவப்பு. அந்த விளிம்பைத் தூரிகையின் நுனியால் வரையாதீர்கள். தூரிகையைப் படுக்கவைத்து அதன் பக்கத்தால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனால் கோடு தானாக நேராக வரும். வால்பக்க வேகத்தடைகளின் உட்புறமும் சிவப்பு. காற்று உள்வாங்கியின் உதட்டுக்கும் சிவப்பு, உள்ளே வெள்ளை.

எண்களும் சின்னங்களும் அச்சிட்ட படலமான டீகேலை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் (கிளாஸ்) அவசியம். பளபளப்பில்லாத மேட் பரப்பின் மேடுபள்ளத்தில் காற்று சிக்கி, படலம் வெள்ளி நிறத்தில் மின்னும். வெதுவெதுப்பான நீரில் முப்பது வினாடி வைத்து எடுத்து, ஒரு நிமிடம் வெளியே ஊறவிட்டு நகர்த்துங்கள். உள்வாங்கியின் சிவப்பு எச்சரிக்கை அம்பு வளைவில் சுருங்கும். மென்மையாக்கும் திரவம் தடவியபின் அதைத் தொடவே கூடாது, சுருங்கியது தானே இழுபடும்.

அழுக்கு வைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடலில் உப்பு அரிக்கும். அரித்த இடத்தைத் தளத்து ஆட்கள் சுரண்டிப் புதுப் பெயின்டால் தொட்டுவைப்பார்கள். சாம்பலை இருவிதமாகக் கலந்து, ஒழுங்கில்லாத சிறு திட்டுகளாகப் போட்டால் கப்பல் விமானம் என்பது பார்த்தவுடன் தெரியும். 20 மி.மீ. பீரங்கிகள் இறக்கை வேர்களில் இருப்பதால் புகைக்கறை அங்கிருந்து பின்னோக்கிப் போகும். பேனல் கோட்டுக்கு மேலே அடர்சாம்பல், வெள்ளையில் நடுச்சாம்பல். கறுப்பு போட்டால் வரைபடம்போல் ஆகிவிடும்.

குண்டுகளுக்குச் சுருக்கமாக: இறக்கையில் இரண்டு 300 கேலன் தொட்டிகளும், நடுவே ஆறு மார்க் 82 குண்டுகளும் நம்பகமான அடுக்கு. 1967 ஜூலை 29-ல் ஃபாரஸ்டல் கப்பலில் 134 பேரைப் பலிகொண்ட தீவிபத்துக்குப் பிறகே தீயைத் தாங்கும் சொரசொரப்பான பூச்சு கடற்படைக் குண்டுகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய தேதிக்கு வழவழப்பான குண்டுகள், மூக்கருகே ஒரு மஞ்சள் வளையம்.

உலோக மாடல் வாங்குபவர்களுக்கு

கட்ட நேரமில்லாதவர்கள் ஹாபி மாஸ்டர் போன்றவர்களின் 1/72 டைகாஸ்ட் வாங்குவார்கள். மல்லாரும் சிக்கல் அதில் குறைவு. பார்க்கவேண்டியவை வேறு: விதானம் இடைவெளியில்லாமல் உட்காருகிறதா, இரு பக்க எண்ணும் ஒரே உயரத்தில் இருக்கிறதா, தேதிக்கேற்ற குழாயும் கூனலும் இருக்கிறதா. கால்களையும் மூடிய கதவுகளையும் மாற்றிப்போடும்போது உடைவதுதான் அதிகம். இழுக்கும்முன் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் இருபது வினாடி காட்டுங்கள், பிளாஸ்டிக் முளை இளகி நேராக வெளியே வரும். திருகாதீர்கள்.

பழைய டைகாஸ்ட் வாங்கினால் இறக்கை வேரில் மயிரிழை வெடிப்பும் கொப்புளமும் இருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உள்ளிருந்தே அரிக்கும், ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். அது வந்தபின் தடுக்க மருந்து இல்லை. கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஜன்னல் வெயில் படவே கூடாது, வெள்ளையும் டீகேல் படலமும் மஞ்சளித்துவிடும்.

தளம்

400 எண் கறுப்பு வாட்டர் பேப்பரைப் பலகையில் ஒட்டி அடர்சாம்பல் அடித்தால் வழுக்காத கப்பல் தளம் தயார். விமானத்தைக் கட்டும் சங்கிலிக்குக் கவரிங் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய சங்கிலி 1/48-க்குப் பொருந்தும். பொன்னிறத்தை மறைக்கக் கறுப்பு பிரைமர். மடியாத இறக்கை என்பதால் ஸ்கைஹாக்குகளைத் தள ஓரத்தில், வால் கடலுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்க நெருக்கி நிறுத்துவார்கள். ஒரே விமானம் வைப்பதானாலும் பலகையின் விளிம்பில் அப்படி வையுங்கள். கப்பலிலிருந்து விமானத்தை வீசிப் பறக்கவிடும் கவணில் தயாராக நிற்பதைக் காட்டினால், மூக்குக் காலில் இழுகம்பி கிடையாது. பிரதானக் கால்களுக்கு அருகிலுள்ள கொக்கிகளில் மாட்டிய கம்பிவடம் கவணுக்குப் போகும், வாலடியில் பின்பிடிப்பு இருக்கும். 1/48-ல் அந்த வடத்துக்கு 0.5 மி.மீ. ஈயக்கம்பி போதும்.

ஏ-4ஈ வரை மூக்குச் சக்கரத்துக்குத் திருப்பும் பொறி இல்லை, அது சும்மா சுழலும். நெருக்கடியான தளத்தில் ஒருவர் நீண்ட கம்பியை அச்சில் மாட்டி, விமானத்தோடு நடந்துகொண்டே திருப்புவார். 1 மி.மீ. பித்தளைக் கம்பியில் அதைச் செய்து, சக்கரத்தைச் சற்றே ஒருபக்கம் திருப்பி வையுங்கள். மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள் முன்னால் நின்று கைகாட்ட, நீலச் சட்டைக்காரர் அந்தக் கம்பியைப் பிடித்திருக்கட்டும்.